ஸ்பெக்ட்ரமா, கொமடோரா: நாற்பது ஆண்டுகளாகியும் இந்தச் சண்டை ஏன் ஓயவில்லை?

கேட்டவர்: ரெடிங்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயர் மூவர் இருக்கிறார்கள். அரசியல், கால்பந்து, சம்பள உயர்வு என எதைப் பற்றிப் பேசினாலும் குரலை உயர்த்தாதவர்கள் இவர்கள். ஆனால் மதிய உணவு வேளையில் 1980-களின் வீட்டுக் கணினிகளைப் பற்றிப் பேச்சு திரும்பிவிட்டால், இவர்களில் இருவர் பள்ளிக்கூடத்துப் பையன்களாக மாறிவிடுகிறார்கள். ஒருவரிடம் சிறுவயதில் சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இருந்ததாம், மற்றவரிடம் கொமடோர் 64. "உன்னுடையது கணினியா, அழிரப்பரா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "உன் திரையில் பழுப்பையும் சாம்பலையும் தவிர வேறு நிறத்தைக் கண்டதுண்டா?" என்று மற்றவர் பதிலடி கொடுப்பார். மூன்றாமவர் எதிலும் கலந்துகொள்ளாமல் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருப்பார்.

சென்ற வாரம் இந்த வழக்கில் என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டையும் நான் பார்த்தது கூடக் கிடையாது. நான் முதன்முதலில் தொட்ட கணினி, எங்கள் ஊர்க் கடைக்காரர் உதிரிப் பாகங்களைக் கோத்துக் கொடுத்த, விண்டோஸ் 98 ஓடிய ஒரு பெட்டி. அதன் நெற்றியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கவில்லை. விசுவாசம் வைக்க வேண்டுமென்றால் கடைக்காரர்மீதுதான் வைத்திருக்க வேண்டும். அன்றிரவு வீட்டுக்கு வந்து இரண்டின் விவரங்களையும் தேடிப் படித்தேன். ஸ்பெக்ட்ரத்தின் செயலி 3.5 மெகாஹெர்ட்ஸ், கொமடோருடையது ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். அதில் 48 கிலோபைட் நினைவகம், இதில் 64. இரண்டும் 1982-இல் வெளிவந்தவை. இந்த எண்களை வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் நாற்பது ஆண்டுகள் சண்டை போட முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன்: இந்தப் பகை கருவிகளுக்கு இடையே இருந்த உண்மையான வேறுபாட்டிலிருந்து பிறந்ததா, அல்லது தன் கையில் இருந்ததை விட்டுக்கொடுக்க மனமில்லாத பிடிவாதம் மட்டும்தானா? அந்தக் காலத்தில் அந்த நாட்டில் வளர்ந்தவர்களும், இக்கருவிகளைச் சில்லு அளவில் அறிந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன். அடுத்த வாரம் நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

பதில் 1: வடலி

ரெடிங்வாசிக்கு வணக்கம். நீங்கள் தேடும் காரணம் செயலியில் கிடைக்காது. அந்தக் காலத்து விளையாட்டுகள் பதிந்து விற்கப்பட்ட கேசட்டில் தேடிப் பாருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. 1983-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அப்பா எனக்கு 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் வாங்கித் தந்தார். முதல் ஆண்டில் 175 பவுண்டாக இருந்த அதன் விலை அந்த ஆண்டின் நடுவில் 129 பவுண்டு 95 பென்சாக இறங்கியிருந்தது. அடுத்த தெருவில் இருந்த பெரியப்பா, தட்டச்சுப் பொறியைப் போன்ற விசைப்பலகை இருந்தால்தான் பிள்ளைக்குப் பிற்காலத்தில் உதவும் என்று கூறித் தம் மகனுக்குக் கொமடோர் 64 வாங்கினார். ஸ்பெக்ட்ரத்தின் விசைகளோ உங்கள் நண்பர் சொன்னதைப் போல ரப்பரால் ஆனவை. எழுத்துக்கெழுத்து அடிக்கவும் வேண்டியதில்லை: ஜே என்னும் விசையை ஒருமுறை அழுத்தினால் 'லோட்' என்ற முழுச்சொல்லே திரையில் வந்து நிற்கும். பெரியப்பாவுக்கு அது கணினியாகவே தோன்றவில்லை.

அப்பாவின் கணக்கு வேறு. ஸ்பெக்ட்ரத்தை எந்த டேப் ரெக்கார்டரோடும் இணைக்கலாம். கொமடோருக்கு அந்த நிறுவனமே செய்து விற்ற கேசட் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஊரிலிருந்து அம்மம்மா பேசிப் பதிந்து அனுப்பும் 'கடிதக் கேசட்டுகளை'க் கேட்பதற்காக வாங்கியது. அதன் ஒலியளவு சரியாக ஓரிடத்தில் நின்றால்தான் விளையாட்டு ஏறும் என்பதால், அந்த இடத்தை அப்பா நீல மையால் கோடிட்டு வைத்தார். அம்மா கடிதம் கேட்பதற்காகத் திருகைக் கூட்டிவிடுவார். அதைக் கவனிக்காமல் நான் கேசட்டைப் போட்டு, ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடுவதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் 'ஆர் டேப் லோடிங் எரர்' (கேசட்டை ஏற்றுவதில் பிழை) என்று ஒற்றை வரி வந்து நிற்கும்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். ஒரு விளையாட்டு ஐந்து, ஆறு பவுண்டு விற்ற காலம் அது. 1 பவுண்டு 99 பென்சுக்கு மலிவுப் பதிப்புகள் வரத் தொடங்கியிருந்தன என்றாலும், என் கைச்செலவுக் காசுக்கு அதுவுமே ஒரு மாதச் சேமிப்பு. ஆகவே பள்ளி மைதானத்தில் கேசட் மாற்றிக்கொள்வதும், இரட்டை டெக் வைத்திருந்த நண்பனின் வீட்டில் படியெடுப்பதும்தான் எங்கள் வழி. (சட்டப்படி தவறுதான், ஐம்பது வயதில் ஒப்புக்கொள்கிறேன்.) அந்தப் பண்டமாற்றில் கொமடோர்காரனின் கேசட் எனக்குப் பயன்படாது, அது வெறும் இரைச்சல். நானும் பெரியப்பா மகனும் ஒரே வகுப்பு, ஒரே இரத்தம், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே சாப்பாட்டு மேசை, ஆனால் ஒருவருக்கொருவர் ஒரு கேசட்டைக் கூடக் கொடுத்து வாங்க முடியவில்லை. வகுப்பில் எவனாவது "அப்பா கணினி வாங்கித் தரப் போகிறார்" என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டு பக்கமும் தேர்தல் பிரசாரத்தைப் போல அவனைச் சூழ்ந்துகொள்வோம். அவன் நம் பக்கம் வந்தால் அவனுடைய அலமாரி நிறையக் கேசட்டுகளும் நம் பக்கம் வரும். எதிர்ப்பக்கம் போனால் அத்தனையும் நட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "இனி ஐந்து வருடத்துக்கு வேறு எதுவும் கேட்கக் கூடாது" என்று சொல்லித்தான் அப்பா அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தார். அப்படி வாங்கிய பொருளில் குறை இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? பெரியப்பா வீட்டில் அந்தக் கொமடோரின் இசையை முதன்முறை கேட்டபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. வீட்டுக்கு வந்து, "சும்மா சத்தம்தான், விளையாட்டு ஒன்றுமில்லை" என்று அப்பாவிடம் சொன்னேன்.

பதில் 2: மின்தடை

பழைய கணினிப் பலகைகளைப் பழுது பார்ப்பதை ஓய்வுநேர வேலையாக வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வடலி அவர்கள் கூறிய கேசட் பொருளாதாரம் சரியே; ஆனால் அதனோடு நிறுத்திக்கொண்டால் ஒரு கேள்வி மிச்சமாகிறது. இன்று இரண்டு கணினிகளின் விளையாட்டுகளையும் ஒரே மடிக்கணினியில் ஓட்டலாம். கேசட் போய்விட்டது, சண்டை போகவில்லை. ஏனென்றால் இரண்டு கருவிகளும் உண்மையாகவே வெவ்வேறு குணமுடையவை, அந்தக் குணம் ஒவ்வொரு விளையாட்டிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தது.

முதலில் நிறம். ஸ்பெக்ட்ரத்தின் திரை 256-க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக நிறத்தை நினைவில் வைத்தால், இருந்த சிறு நினைவகத்தைத் திரையே விழுங்கிவிடும். முதலில் வந்த மலிவு வகையில் 16 கிலோபைட்தான் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். ஆகவே புள்ளி எரிகிறதா இல்லையா என்பதற்கு மட்டும் 6144 பைட்டுகளை ஒதுக்கி, நிறத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 768 பைட்டுகளுக்குள் அடக்கிவிட்டார்கள். ஒரு கட்டத்துக்குள் எரியும் புள்ளிகளுக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். இதன் விளைவு என்னவென்றால், மஞ்சள் சட்டைக்காரன் பச்சை மரத்தைக் கடக்கும்போது, ஒன்று மரம் மஞ்சளாகும் அல்லது அவன் பச்சையாவான். அந்த நிறக்கலப்பை வைத்துத்தான் கொமடோர்காரர்கள் பத்தாண்டுகள் கேலி செய்தார்கள்.

கொமடோரின் விஐசி-2 என்னும் வரைகலைச் சில்லும் பின்னணியில் கட்டக் கணக்கைத்தான் பின்பற்றியது என்பதை அந்தப் பக்கத்தார் வசதியாக மறந்துவிடுவார்கள். ஆனால் அதில் 'ஸ்பிரைட்' எனப்படும் நகரும் உருவங்கள் எட்டு, பின்னணியைத் தொடாமல் வன்பொருளிலேயே அதன்மேல் மிதக்கும். நிரலர் இடத்தை மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தைச் சில்லு பார்த்துக்கொள்ளும். ஸ்பெக்ட்ரத்தில் அதே வேலையைச் செயலியே புள்ளி புள்ளியாகச் செய்தாக வேண்டும். மறுபுறம், கொமடோரில் நிறங்களை அதிகமாக்க வேண்டுமென்றால் புள்ளிகளின் அகலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். திரை 160-க்கு 200 ஆகிவிடும். முகங்கள் செங்கல் அடுக்கியது போலத் தெரிவது அதனால்தான். "கூர்மையான கறுப்பு வெள்ளையா, நிறமுள்ள செங்கலா?" என்பது அன்றைக்கு நியாயமான கேள்வி.

ரெடிங்வாசி குறிப்பிட்ட மெகாஹெர்ட்ஸ் கணக்கு ஏமாற்றக்கூடியது. ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலிக்கு மிக எளிய கட்டளைக்கே நான்கு கடிகாரத் துடிப்புகள் தேவை. கொமடோரின் 6510-க்கு இரண்டு போதும். ஆகவே மூன்றரை மடங்கு வேகம் என்பது பொய். ஆனாலும் கோடுகளால் முப்பரிமாண உருவங்களை வரையும் விளையாட்டுகளில் ஸ்பெக்ட்ரத்தின் கை ஓங்கியிருந்தது. நினைவகக் கணக்கிலும் இதே வேடிக்கைதான். கொமடோரை இயக்கியவுடன் '38911 பைட்டுகள் மீதம்' என்று அதிலிருந்த பேசிக் என்னும் நிரல்மொழி தானாகவே அறிவிக்கும். "64 என்று விளம்பரம் செய்துவிட்டு 38-தானா?" என்று ஸ்பெக்ட்ரம்காரர்கள் சிரித்தார்கள், ஏனெனில் அவர்களுடைய 48-இல் ஏறத்தாழ 41 கிலோபைட் நிரல் எழுதக் கிடைத்தது. இயந்திர மொழியில் எழுதத் தெரிந்தவன் பேசிக் மொழி பதிந்திருந்த கொமடோரின் நிலைநினைவகத்தை (ரோம்) ஒதுக்கிவைத்துவிட்டு 64-ஐயும் ஏறத்தாழ முழுமையாகப் பயன்படுத்தலாம் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஒலியைப் பற்றி விவாதமே தேவையில்லை. பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் என்னும் சில்லில் மூன்று குரல்களும், ஒலியின் சாயலை மாற்றும் ஒரு வடிப்பானும் இருந்தன. அது கிட்டத்தட்ட ஓர் இசைக்கருவி. இசைக்கருவி செய்யும் எண்ணத்தோடுதான் அவர் அதை வடிவமைத்தார், பிற்காலத்தில் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் ஆனார். முதல் ஸ்பெக்ட்ரத்தில் இருந்ததோ ஒரு சிறு ஒலிபெருக்கியும், அதை இயக்கி நிறுத்த ஒரே ஒரு பிட்டும். ஒலி எழுப்பும் நேரத்தில் செயலி வேறெதையும் பார்க்க முடியாது. வடலி அவர்களுக்குத் தொண்டை அடைத்ததில் வியப்பே இல்லை.

இவை அத்தனையும் விலையிலிருந்து வந்தவை. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் சில்லுகளை வைத்துக் குறைந்த பவுண்டுக்குக் கணினி செய்ய முடியுமா என்று ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் முதலாளி கிளைவ் சின்க்ளேர் பார்த்தார். கொமடோருக்கோ எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சில்லுத் தொழிற்சாலையே சொந்தம், ஆகவே தனக்கு வேண்டிய சில்லைத் தானே செய்துகொண்டது. சண்டை போட்ட பையன்கள் அறியாமல் இரண்டு பொறியியல் கொள்கைகளுக்காக வாதாடியிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பதில் 3: ஏடகம்

பழைய கணினி இதழ்களைச் சேகரிப்பவள் நான். மேலே எழுதிய இருவரும் பையன்களையும் சில்லுகளையும் பார்த்துவிட்டார்கள். இந்தச் சண்டைக்கு எண்ணெய் ஊற்றியவர்களை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

ஷ்ராப்ஷர் பகுதியில் லட்லோ என்று ஒரு சிறிய ஊர் உண்டு. அங்கே நியூஸ்ஃபீல்ட் என்ற பதிப்பகம் 1984-இல் ஸ்பெக்ட்ரம்காரர்களுக்காக 'கிராஷ்' என்னும் மாத இதழைத் தொடங்கியது. 1985-இல் கொமடோர்காரர்களுக்காக 'ஸாப்!64' வந்தது. அதே ஆண்டில் ஆம்ஸ்ட்ராட் கணினி வைத்திருந்தவர்களுக்காக 'ஆம்டிக்ஸ்' வந்தது. மூன்றும் ஒரே பதிப்பகத்தின் இதழ்கள். வாசகர் கடிதப் பக்கத்தில் "எதிர்ப்பக்கத்து மூடர்களே" என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்களின் சந்தா ஒரே கல்லாப்பெட்டியில்தான் விழுந்தது. ஈமாப் என்ற நிறுவனமும் 'சின்க்ளேர் யூசர்', 'கொமடோர் யூசர்' என்று இரண்டு கடைகளை விரித்திருந்தது. அந்தக் கடிதப் பக்கங்களை வரிசையாகப் படித்திருக்கிறேன். மாதந்தோறும் ஒரு சண்டைக் கடிதமாவது இருக்கும், ஆசிரியர் அதன்கீழ் ஒரு கிண்டல் வரியைச் சேர்த்திருப்பார், அடுத்த மாதம் அதற்குப் பதிலாக நாலு கடிதம் வந்திருக்கும்.

முதலாளிகளும் குறைந்தவர்களல்லர். ஸ்பெக்ட்ரத்துக்கும் கொமடோருக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது: ஏக்கார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ வைத்திருந்தவர்கள். 399 பவுண்டு கொடுத்து அதை வாங்க வசதியான வீடு வேண்டும். பள்ளிக்கூடங்கள் வாங்க அரசு பாதிப் பணத்தைக் கொடுத்ததால், பையன்களின் பேச்சில் அது 'வாத்தியார் கணினி' ஆயிற்று. ஏக்கார்னை ஹெர்மன் ஹவுசருடன் சேர்ந்து 1978-இல் தொடங்கிய கிறிஸ் கரி, அதற்கு முன் பல ஆண்டுகள் கிளைவ் சின்க்ளேரிடம் வேலை பார்த்தவர். பிபிசி தன் பெயரில் கணினி செய்யக் கொடுத்த ஒப்பந்தம் சின்க்ளேருக்குக் கிடைக்காமல் கரிக்குப் போனது ஆறாத புண். 1984 டிசம்பரில், சின்க்ளேரின் கணினிகள் பழுதாகித் திரும்பி வருவதைச் சுட்டிக்காட்டி ஏக்கார்ன் நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் நேரத்தில் கேம்பிரிட்ஜில் ஒரு மதுவிடுதியில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்து, வாய்ச்சண்டை கைகலப்பில் முடிந்தது. சின்க்ளேருக்கு அப்போது சர் பட்டம் கிடைத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முதலாளிகளே இப்படியென்றால் பதினொரு வயதுப் பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பொறியியல் கொள்கைக்காக வாதாடினார்கள் என்று மின்தடை எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த தலைமுறைக் கணினிகளைப் பாருங்கள். 1985-இல் அட்டாரி எஸ்டியும் கொமடோர் அமிகாவும் வந்தன. சண்டை புதிய பெயர்களோடு அப்படியே தொடர்ந்தது. ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்? கொமடோரை நிறுவிய ஜாக் டிராமியெல் 1984 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறி, அதே ஆண்டு ஜூலையில் அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கினார். அங்கே உருவானதுதான் எஸ்டி. அமிகாவின் சில்லுகளை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜே மைனரோ, அதற்கு முன் அட்டாரியின் புகழ்பெற்ற கருவிகளுக்குச் சில்லு வடிவமைத்தவர். அந்த அமிகா நிறுவனத்தைக் கொமடோர் விலைக்கு வாங்கிக் கொண்டது. அதாவது கொமடோரின் தகப்பன் அட்டாரியிலும், அட்டாரியின் மூளை கொமடோரிலும் இருந்த நிலையில், வாங்கியவர்கள் பெட்டியின் மேலிருந்த பெயருக்காகச் சண்டையிட்டார்கள். அமிகாவில் நான்கு ஒலித்தடங்களும் 4096 நிறங்களும் உண்டு என்று ஒருவன் சொல்வான். எஸ்டியில் இசைக்கருவிகளை நேரடியாக இணைக்கும் மிடி வாய் உண்டு, விலையும் குறைவு என்று மற்றவன் சொல்வான். இரண்டும் உண்மை. அவர்களுக்காக 1988-இல் 'எஸ்டி அமிகா ஃபார்மட்' என்று ஒரே இதழ் வந்தது. மறு ஆண்டே அது 'எஸ்டி ஃபார்மட்', 'அமிகா ஃபார்மட்' என்று இரண்டாகப் பிரிந்தது. ஒரே தாளில் இருவரும் உட்காரவில்லை.

நாட்டுக்கு நாடு கட்சி மாறியதையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் கொமடோர் ஆட்சி, ஸ்பெயினில் ஸ்பெக்ட்ரத்தின் ஆட்சி, பிரான்சில் ஆம்ஸ்ட்ராட்டுக்கு நல்ல செல்வாக்கு. ஜெர்மானியக் குழந்தையின் காதும் ஸ்பானியக் குழந்தையின் காதும் ஒரே காதுதான். சில்லின் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லா நாட்டிலும் ஒன்றே வென்றிருக்கும். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எந்த விலையில் வந்தது என்பதை வைத்துத்தான் விசுவாசம் முளைத்தது.

இதற்கு எதிரான ஒரு கதையும் உண்டு. 1983-இல் அமெரிக்காவில், பழைய கணினியையோ விளையாட்டுக் கருவியையோ கொண்டுவந்து கொடுத்தால் கொமடோர் 64-இன் விலையில் 100 டாலர் திருப்பித் தருவதாகக் கொமடோர் அறிவித்தது. சில கடைக்காரர்கள் உடனே சின்க்ளேரின் மலிவான டைமெக்ஸ் கணினியைச் சில டாலருக்கு விற்று, அதையே 'பழைய கணினி' என்று கொடுத்துக் கழிவு பெறும்படி வாடிக்கையாளர்களுக்கு வழி காட்டினார்கள். அங்கே விசுவாசமாவது, ஒன்றாவது!

பதில் 1-இன் தொடர்ச்சி: வடலி

ஏடகம் அவர்கள் குறிப்பிட்ட லட்லோ இதழுக்கு நான் சந்தா கட்டியிருந்தேன். எதிரியின் இதழும் அதே முகவரியிலிருந்து வருகிறது என்பதை அன்று நானும் கண்டேன், பெரியப்பா மகனும் கண்டான். கண்டும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

மின்தடை அவர்களுக்கு ஒரு சிறு திருத்தம். மரம் மஞ்சளாவது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. நல்ல நிரலர்கள் விளையாட்டு நடக்கும் பகுதி முழுவதையும் ஒரே நிறத்தில் வைத்து அந்தக் குறையை மறைத்தார்கள். கறுப்புப் பின்னணியில் ஒற்றை மஞ்சளாக, கோட்டோவியம் போலக் கூர்மையாக இருக்கும் அந்தத் திரைகளை நான் இன்றும் அழகு என்றே சொல்வேன். (பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டேன்.)

பதில் 4: கரும்பலகை

ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் நான். இந்தச் சண்டையை நான் நேரில் கண்டதில்லை, ஆனால் அது இல்லாத இடத்தைக் கண்டிருக்கிறேன்.

இந்திய அரசு 1984-இல் 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஏடகம் அம்மையார் குறிப்பிட்ட அதே பிபிசி மைக்ரோதான். நான் வேலை பார்த்த பள்ளிக்கும் அது வந்தது. அதற்கென்று ஓர் அறையை ஒதுக்கி, குளிர்சாதனம் பொருத்தி, தரைவிரிப்பும் போட்டார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சந்நிதிக்குள் நுழைவதுபோல நுழைவார்கள். வாரத்தில் ஒரு பாடவேளை. ஒரு விசைப்பலகைக்கு நான்கைந்து பேர். ஒருவன் அடிப்பான், மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலாகப் பார்ப்பார்கள்.

அந்த அறையில் எவரும் "இதைவிட ஸ்பெக்ட்ரம் உயர்ந்தது" என்றோ, "கொமடோரில் இசை நன்றாயிருக்கும்" என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. வேறு கணினி என்று ஒன்று உண்டென்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் சண்டையிட்டதெல்லாம் யார் அடுத்து உட்காருவது என்பதற்காக மட்டும்தான். ஒருவனுக்கும் சொந்தமில்லாத பொருளுக்காக ஒருவனும் கட்சி கட்டவில்லை. மாணவர்களின் நினைவில் அந்தக் கணினியின் பெயர் கூட நிற்கவில்லை. என்னைச் சந்திக்கும் பழைய மாணவர்கள் "அந்த ஏசி ரூம் கம்ப்யூட்டர்" என்றே குறிப்பிடுகிறார்கள். பிபிசி மைக்ரோவின் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சன்தான், இன்று எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கும் ஆர்ம் செயலியின் கட்டளைத் தொகுப்பையும் வகுத்தவர் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு, "அப்படியா சார்" என்பார்கள். ரெடிங்வாசியின் நண்பர்கள் என்றால் மேசையைத் தட்டியிருப்பார்கள்.

கேட்டவரின் தொடர்ச்சி: ரெடிங்வாசி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் நீங்கள் எழுதியவற்றை மொழிபெயர்த்து மதிய உணவு மேசையில் வைத்தேன். அது தீர்ப்புக்கு உதவவில்லை. மின்தடை அவர்களின் ஒலிச்சில்லு வாக்கியத்தைக் கொமடோர்காரர் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். 41-க்கு 38 என்ற கணக்கை ஸ்பெக்ட்ரம்காரர் குறித்துக்கொண்டார். வடலி அவர்களின் நீல மைக் கோட்டைச் சொன்னபோது மட்டும் ஸ்பெக்ட்ரம்காரர் சிறிது நேரம் பேசவில்லை. அவர் வீட்டிலும் கோடு போட்டிருந்தார்களாம், மையால் அன்று, அக்காவின் நகப்பூச்சால். லட்லோ பதிப்பகத்தைப் பற்றிச் சொன்னதும் இருவரும் ஒரே குரலில், "அது எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள்.

அப்போதுதான் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த மூன்றாமவரிடம், "உங்களிடம் என்ன இருந்தது?" என்று கேட்டேன். மூன்றாண்டுகளில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. "டிராகன் 32" என்றார். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். வேல்ஸில் போர்ட் டால்பட் என்ற ஊரில் செய்யப்பட்ட கணினி அது. நல்ல விசைப்பலகை, அதன் 6809 செயலி அந்தக் காலத்து எட்டு பிட் செயலிகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று, ஆனால் பச்சைத் திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளைக் காட்டத் தெரியாது, அவற்றை நிறம் மாற்றிப் பெரிய எழுத்துகளாகவே காட்டும். வாங்கிய சிறிது காலத்திலேயே, 1984-இல், அந்த நிறுவனம் நொடித்துப்போயிற்று. கடைகளில் அதற்கு விளையாட்டுகள் வருவது குறைந்துகொண்டே போனதால், இதழ்களில் அச்சான நிரல்களைத் தாமே வரி வரியாக அடித்து விளையாடியிருக்கிறார். நிரலெழுதக் கற்றதே அப்படித்தானாம்.

"நீங்கள் ஏன் இவர்களோடு சண்டை போடுவதில்லை?" என்று கேட்டேன்.

"என் பள்ளியில் டிராகன் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்" என்றார். பிறகு மிச்சமிருந்த சாண்ட்விச்சைத் தாளில் மடித்துக்கொண்டே, "ஆனால் விசைப்பலகை இரண்டையும்விட நன்றாக இருந்தது" என்றார். மற்ற இருவரும் ஒருசேர அவர் பக்கம் திரும்பினார்கள்.